வீட்டைப் பார்த்து நின்ற கார்

ஸ்ரீவில்லிபுத்தூரில் எங்கள் மொட்டைமாடியில் நின்றால் மலை தெரியும். ஞாயிறு விடிந்தால் என் கணவர், "இன்னைக்கு எங்கிட்டுப் போவம்?" என்பார். அவர் பிளான் போட்டு முடிப்பதற்குள் நான் புளியோதரை கட்டிவிடுவேன். குற்றாலமோ, மலையடிவார ஓடையோ, எங்கே போனாலும் காரை வீட்டைப் பார்த்துத் திருப்பி நிறுத்திய பிறகுதான் சாப்பிட உட்காருவார். "வந்ததுமே போறதுக்கு அவசரமா?" என்று கேலி செய்வேன்.

ஒருமுறை ராஜபாளையம் பக்கத்து ஓடை வறண்டு கிடந்ததால், காரை மணலிலேயே இறக்கிவிட்டோம். சுள்ளென்று வெயில். சின்னவளாக இருந்த மகளை உட்காரவைத்து இலையை விரித்ததும் காலடியில் செம்மண் தண்ணீர் ஊர்ந்து வந்தது. மேலே மலையில் மழை!

"ஏட்டி, எல்லாத்தையும் போட்டுட்டுப் புள்ளையத் தூக்கு!" என்று கத்தினார்.

திரும்பி நின்ற கார் ஒரே மூச்சில் கரையேறியது. நாங்கள் உட்கார்ந்திருந்த இடத்தில் வெள்ளம் புரண்டது. என் தூக்குவாளி அதில் மிதந்து போனது.

அவர் இப்போது இல்லை. காரை நான்தான் ஓட்டுகிறேன். கிளம்புமுன் மாடியேறி மலையைப் பார்ப்பேன். கறுத்திருந்தால் ஓடைப் பக்கமே போவதில்லை. போய்ச் சேர்ந்ததும் முதல் வேலையாகக் காரைத் திருப்புகிறேன்.

"வந்ததுமே போறதுக்கு அவசரமாம்மா?" என்கிறாள் மகள்.

அவள் அப்படிக் கேட்கட்டும் என்றே மெதுவாகத் திருப்புகிறேன்.