திங்கட்கிழமை உபவாசம்

நாலு பேர் முன்னால் நான் சத்தமாக வாய் திறந்து பேசிய நாள் ஒன்றே ஒன்றுதான். அது ஸ்ரீவில்லிபுத்தூர் அரசு ஆஸ்பத்திரியில், ஆண்கள் வார்டில், காலை நேரத்தில் நடந்தது. எங்கள் வேதக்கோயிலில், கர்த்தர் செய்த நன்மையைச் சாட்சி சொல்லக் கூப்பிட்டால் கடைசி பெஞ்சுக்கு நகர்ந்துவிடுகிறவள் நான். ரேஷன் கடையில் எடை குறைந்தால்கூட வீட்டுக்கு வந்துதான் சொல்லுவேன். அப்படிப்பட்டவள் அன்றைக்குப் பேசிவிட்டேன். அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு என்மேல் ஒரு மதிப்பு வருகிறது. அதனால் எழுதுகிறேன்.

எங்களுக்கு மம்சாபுரம். வீட்டுக்காரர் பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். மலைமேல் சாமான் சுமக்கிற கோவேறு கழுதைகளைப் பராமரிக்கிற பிரிவில் இருந்தார். நான் ராஜபாளையம் பக்கம் ஒரு தறி செட்டில் இருபத்திரண்டு வருஷம் பேண்டேஜ் துணி மடித்தேன். படிப்பு ஐந்தாம் வகுப்பு. அவருக்குச் சர்க்கரை, எனக்குப் பிரஷர்.

வீடு தேடி வந்து மாத்திரை கொடுக்கிற திட்டம் எங்கள் தெருவுக்கு வந்தபோது ஒருத்தரும் நம்பவில்லை.

“செல்லாம கெடந்த மாத்திரையத் தள்ளிவிடுதாவ மதினி. வாங்கிராதீங்க” என்றாள் எதிர்வீட்டுக்காரி.

“சும்மா குடுக்கான்னா அதுல ஒண்ணும் இருக்காது” என்றார் இவர்.

எனக்கும் சந்தேகம்தான். ஆனால் பார்க்காமல் எப்படிச் சொல்வது? ராஜபாளையத்தில் மருந்துக்கடையில் வாங்கிய அட்டையையும், திட்டத்தில் இருந்து வந்த பெண் கொடுத்த அட்டையையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்தேன். எனக்கு இங்கிலீஷ் படிக்கத் தெரியாது. எழுத்து எழுத்தாக விரலை வைத்து, கோலத்தைச் சரிபார்க்கிற மாதிரி பார்த்துக்கொண்டே போனேன். கம்பெனிப் பெயர் வேறு. மருந்தின் பெயரில் ஒரு கொம்பு, ஒரு வளைவுகூட மாறவில்லை. மறுமாதத்திலிருந்து இருவரும் வாங்க ஆரம்பித்தோம். எங்களைப் பார்த்து தெருவே வாங்கியது.

மாத்திரை கொண்டுவருகிறவளுக்கு நாற்பது வயது இருக்கும். மகளிர் குழுவில் இருந்து இந்த வேலைக்கு வந்தவள். தெருவில் அவளுக்குப் பெயர் மாத்திரைக்காரி. மாதத்தில் முதல் செவ்வாய்க்கிழமை காலையில் கோயில் படிக்கட்டில் வந்து உட்காருவாள். வரிசையாக விரலில் குத்தி, சர்க்கரை அளவைப் பார்த்து, நோட்டில் எழுதிக் கொடுப்பாள். எழுதும்போது சத்தமாகவும் சொல்லுவாள். வினை அங்கேதான் இருந்தது.

“தாத்தா, எரநூத்தி அறுவது! என்னத்தத் தின்னிய?”

இப்படி ஊர் கேட்கக் கேட்டால் யாருக்குத்தான் ரோஷம் வராது? அதுவும் பட்டாளத்துக்காரர். அந்த மாதம் முழுக்க எதிர்வீட்டுக்காரி, “எங்க வீட்ல நூத்தி இருவதுதான் மதினி” என்று பத்துத் தடவையாவது சொல்லியிருப்பாள். எனக்கு அவமானமாக இருந்தது. அடுத்த முறை, முந்தின நாள் திங்கட்கிழமை முழுக்க அவருக்கு நீர்மோரும் பாகற்காய்ச் சாறும்தான் கொடுத்தேன். செவ்வாய்க்கிழமை நூற்றுப் பதினெட்டு. அவர் மீசையைத் தடவிக்கொண்டே வீட்டுக்கு வந்தார். எதிர்வீட்டு மதினியும் அதைத்தான் செய்துகொண்டிருந்தாள் என்பது பிறகு தெரிந்தது. தெருவில் பாதி வீட்டில் அதுதான் கதை.

எங்கள் தெருவில் பெண்கள் கூடுகிற உபவாச ஜெபம் ஒன்று உண்டு. காலையிலிருந்து சாப்பிடாமல் இருந்து, சாயங்காலம் ஒரு வீட்டில் கூடி ஜெபிப்போம். வெள்ளிக்கிழமைதான் வழக்கம். “வெள்ளிக்கிழம ஆளு சேர மாட்டேங்கு. முதல் திங்கட்கிழம வச்சா என்ன?” என்று ஒருத்தி கேட்டாள். எல்லாரும் ஒரே குரலில் சரி என்றோம். யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை. ஜெபம் பண்ணிவிட்டுச் சாப்பிடுகிற வழக்கமும் அத்தோடு நின்றது. மறுநாள் விரலில் குத்திய பிறகுதான் சாப்பாடு. ஜெபம் என்றால் காத தூரம் ஓடுகிற ஆண்கள்கூட வந்து உட்கார்ந்தார்கள். கூட்டம் பெருகியதைப் பார்த்து போதகருக்கு ஒரே சந்தோஷம். எதற்காக உபவாசம் என்று கர்த்தருக்குத் தெரியும். எங்களுக்கும் தெரியும்.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் வீட்டுக்கு வீடு கறிக்குழம்பு மணக்கும். இவர் பஸ் ஏறி ஸ்ரீவில்லிபுத்தூர் போய்ப் பால்கோவா தின்றுவிட்டு வருவார். நோட்டு மட்டும் வரிக்கு வரி சுத்தமாக இருந்தது. ஒரு வருஷம் இப்படியே ஓடியது.

அப்புறம் அவர் காலில் செருப்பு வார் கடித்தது. சுண்டுவிரல் பக்கத்தில் ஒரு கொப்புளம். அவருக்கு வலிக்கவில்லை, அதனால் சொல்லவும் இல்லை. தரையில் ஈரமாக ஒரு தடம் விழுவதைப் பார்த்து நான்தான் கண்டுபிடித்தேன். மஞ்சள் பூசினோம். காயவில்லை. விரல் நுனி கறுத்தது. ராஜபாளையத்தில் வழக்கமாகப் பார்க்கிற டாக்டர், “இது மருந்து பூசி ஆறுற புண் இல்லம்மா. ஆஸ்பத்திரில சேருங்க. லேட் பண்ணினா காலுக்கே ஆபத்து” என்று சொல்லி அனுப்பினார்.

எங்கே சேர்ப்பது என்பதில் வீட்டில் சண்டை. மாத்திரைக்காரி அரசு ஆஸ்பத்திரிக்குப் போகச் சொன்னாள். இவர் குதித்தார்.

“தர்மாஸ்பத்திரில போய்ப் படுக்கவா? அதுக்குப் பட்டாளத்துலயே என்னய அந்த மலையில விட்டுட்டு வந்துருக்கலாம்.”

எதிர்வீட்டு மதினி மதுரையில் பெரிய ஆஸ்பத்திரி ஒன்றைச் சொன்னாள். அவள் தம்பி, எண்ணெய்க் கட்டுப் போடுகிற ஆள் ஒருவரைச் சொன்னான். நான் எல்லாருக்கும் தலையை ஆட்டினேன். மறுநாள், தேங்காய் வாங்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டு, தனியாக ஸ்ரீவில்லிபுத்தூர் போய் இறங்கினேன். குடியேறுகிற வீட்டைப் பார்க்காமல் யாராவது சாமான் ஏற்றுவார்களா?

வார்டு சத்தமாகத்தான் இருந்தது. கட்டில் நெருக்கம். குறை சொல்ல நினைத்தால் சொல்லலாம். கட்டுப் போடுகிற அறை வாசலில் நின்று வெகுநேரம் பார்த்தேன். நர்ஸ் ஒவ்வொரு ஆளுக்கும் கையுறை மாற்றினாள். உறையைப் பிரித்துத் துணியை எடுத்தாள். அந்தத் துணி, ஓரத்து நூல் வெளியே தெரியாமல் உள்பக்கமாக மடித்த மடிப்பு. நூல் ஒன்று புண்ணில் ஒட்டினாலும் ஆறாது என்று தறி செட்டில் சொல்லிச் சொல்லி எங்களை மடிக்கவைத்தது அப்படித்தான். இருபத்திரண்டு வருஷம் மடித்திருக்கிறேன், அது ஒரு மனுஷர் உடம்பில் படுவதை அன்றைக்குத்தான் பார்த்தேன். என் நெஞ்சு நிமிர்ந்துவிட்டது. பழைய கட்டை எடுத்த நர்ஸ் அதைத் தரையில் போடவில்லை, மூடி போட்ட வாளியில் போட்டாள். அது போதும் எனக்கு. வீட்டுக்கு வந்து, “நாளக்கழிச்சு கெளம்புவோம்” என்றேன். தேங்காய் எங்கே என்று அவர் கேட்கவில்லை. என் குரலில் என்னமோ இருந்திருக்க வேண்டும்.

இத்தனையும் செய்தவள், நடுவில் ஒரு பைத்தியக்காரத்தனத்தையும் செய்தேன். சேர்க்கப்போகிற நாளுக்கு முந்தின நாள் அவருக்கு நீர்மோர் மட்டும் கொடுத்தேன். கை பழகிப்போயிருந்தது. டாக்டர் ஏசுவாரே என்கிற பயம்.

வார்டில் குத்திப் பார்த்தார்கள். நூற்று முப்பது. சர்ஜன் நோட்டை வாங்கிப் புரட்டினார். எல்லா மாதமும் நல்ல எண். புண்ணைப் பார்த்தார், மறுபடி நோட்டைப் பார்த்தார்.

“சர்க்கரை இவ்வளவு நல்லா இருக்கு. அப்புறமும் புண் ஆறலைன்னா ரத்தக்குழாய்ல பெரிய அடைப்பு இருக்கணும். மதுரைக்கு எழுதித் தரேன். பாதத்துல பாதியை எடுக்க வேண்டி வரலாம். மனசைத் தயார் பண்ணிக்கோங்க.”

இவர் போர்வை நுனியைப் பிடித்துக்கொண்டு பாதத்தையே பார்த்தார். மலையெல்லாம் ஏறி இறங்கின கால். சர்ஜன் அடுத்த கட்டிலுக்கு நகர்ந்தார். அவர் பின்னால் நர்ஸ்கள், படிக்கிற டாக்டர் பிள்ளைகள், பார்க்க வந்த சனம், எல்லாருமாக ஒரு கூட்டம்.

“சார், அந்த நோட்டு பொய்.”

என் குரல்தானா என்று எனக்கே சந்தேகம். சர்ஜன் திரும்பினார்.

“என்னம்மா சொன்னீங்க?”

“நோட்டுல உள்ளது பொய் சார். குத்திப் பாக்கதுக்கு முந்தின நாளு பட்டினி போட்டுருவோம். பொறவு நல்லாத் தின்போம். நேத்தும் பட்டினிதான். நான்தான் போட்டேன்.”

“ஏட்டி, சும்மா கெட!” என்று இவர் பல்லைக் கடித்தார்.

“கெடக்க மாட்டேன். உங்க காலு போயிரும்.”

பக்கத்துக் கட்டில் பெரியவர் மெதுவாக, “எங்க ஊர்லயும் அப்படித்தான் சார், இளநியக் குடிச்சிட்டுப் படுத்துருவோம்” என்றார். யாரோ சிரித்தார்கள். சர்ஜன் சிரிக்கவில்லை. எங்கள் கட்டில் விளிம்பில் வந்து உட்கார்ந்தார்.

“எத்தனை மாசமா?”

“ஒரு வருசமா.”

மூன்று மாதத்துச் சர்க்கரையைச் சேர்த்துக் காட்டுகிற ரத்தப் பரிசோதனை ஒன்று இருக்கிறதாம். ஒரு நாள் பட்டினிக்கு அது ஏமாறாது. அதற்கு எழுதினார். காலில் ஒரு கருவியை வைத்து ரத்த ஓட்டத்தைக் கேட்டார். குப்குப்பென்று சத்தம் வந்தது. மறுநாள் முடிவைக் கையில் வைத்துக்கொண்டு, “பெருசா அடைப்பு இல்லை. சர்க்கரைதான் தலைக்கு மேல போயிருக்கு. இதை இறக்கிரலாம்” என்றார். மதுரைக்கு எழுதிய தாளை மடித்துப் பையில் போட்டுக்கொண்டார். போகும்போது என்னைப் பார்த்து, “நல்லவேளை சொன்னீங்கம்மா” என்றார். அந்த ரெண்டு வார்த்தையை நான் யாருக்கும் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

மூன்று வாரம் இருந்தோம். சுண்டுவிரல் நுனி மட்டும் போனது. இன்சுலின் ஊசிக்கு இவர், “பழகிரும், பொறவு விடாது” என்று முரண்டு பிடித்தார். “சோறும் அப்படித்தான, அத விட்டியளா?” என்றேன். பக்கத்துக் கட்டில்காரர் இருமுகிற அளவுக்குச் சிரித்தார்.

சாப்பாடுதான் பெரிய பாடு. சோற்றைக் குறைத்து, முட்டை, பயறு, சோயா, காளான், ஓட்ஸ் சேர்க்கச் சொல்லி ஆஸ்பத்திரியில் எழுதிக் கொடுத்தார்கள். கடைசி மூன்றும் எங்கள் அடுப்பு பார்க்காதவை. வீட்டுக்கு வந்த முதல் நாள் ஓட்ஸைக் கஞ்சி மாதிரி கிண்டினேன். கரண்டி நட்டுக்கொண்டு நின்றது.

இவர் தட்டைத் தூக்கிப் பார்த்தார். “இத வச்சு சுவத்துல போஸ்டர் ஒட்டலாம். ஏட்டி, பட்டாளத்துல நான் கழுதைக்குப் போட்டதுல்லா இது!”

“அந்தக் கழுதைக்குக் காலு நல்லாத்தான இருந்துச்சு? அம்புட்டு மலையும் ஏறுச்சுல்லா?”

ரெண்டு வாய் தின்றார். அடுத்த நாள் வெங்காயம், கறிவேப்பிலை தாளித்து உப்புமா மாதிரி செய்தேன், தட்டு காலியானது. சோயாவைக் கறி மசாலாவில் போட்டபோது, “கறியா?” என்று ஆவலாகக் கேட்டார். ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். “இல்ல, சோயா” என்றேன். முகம் வாடியது, ஆனாலும் தின்றார். டப்பாவில் வருகிற வெள்ளைக் காளானை மிளகு போட்டு வறுத்தால் இப்போது எனக்கு மிச்சம் வைப்பதில்லை. எனக்கு ஓட்ஸ் இன்றுவரை பிடிக்கவில்லை. தின்று பார்த்துவிட்டுத்தான் சொல்லுகிறேன்.

ஊருக்கு வந்ததும் மாத்திரைக்காரியைக் கூப்பிட்டு எல்லாவற்றையும் சொன்னேன். அவள் முகம் செத்துப்போனது.

“ஆச்சி, உங்க தெருதான் நல்லா இருக்குன்னு மீட்டிங்ல கைதட்டுனாவளே!”

“எங்க மேலதான் தப்பு. ஆனா உங்க மேலயும் கொஞ்சம் இருக்கும்மா. நாளு குறிச்சிட்டு வராத. ஊரு கேக்க நம்பரச் சொல்லாத. சர்க்கரை கூடுனவுகளை அந்த மூணு மாசத்து டெஸ்டுக்கு அனுப்பு. இத உங்க ஆபீசுல சொல்லு.”

“ஏசுவாவ ஆச்சி.”

“ஏசட்டும். நானே சொல்லிட்டேன், நீ சொல்ல மாட்டியா?”

சொல்லியிருக்கிறாள். அடுத்த மாதம் முன்னறிவிப்பு இல்லாமல் ஒரு வியாழக்கிழமை வந்தாள். வீடு வீடாக ஏறி, காதோடு காதாக எண்ணைச் சொன்னாள். எதிர்வீட்டு மதினி தனக்கு வந்த எண்ணை எனக்குச் சொல்லவில்லை.

“வாயே இல்லாதவன்னு நெனச்சோம். மொத்தத் தெருவையும்லா காட்டிக்குடுத்துட்டிய” என்று மட்டும் சொன்னாள்.

“வாரியளா, ஸ்ரீவில்லிபுத்தூருக்குச் சேந்து போவோம்” என்றேன். ரெண்டு நாள் முகம் கொடுக்கவில்லை. மூன்றாம் நாள் சேலை மாற்றிக்கொண்டு வந்து வாசலில் நின்றாள். உபவாச ஜெபம் வெள்ளிக்கிழமைக்கே திரும்பியது, ஆள் பாதியாகக் குறைந்தது.

போன மாதம் எங்கள் கோயிலில் அசனம். ஊரே ஒன்றாகச் சமைத்து, வரிசையில் நின்று வாங்கி, சேர்ந்து உட்கார்ந்து சாப்பிடுகிற விருந்து. இவர் அந்த வரிசையில் யார் கையையும் பிடிக்காமல் நின்றார். கறிச்சோறு ரெண்டு தடவை வாங்கினார், நானும் பார்க்காத மாதிரி இருந்தேன். மறுநாள் காலை விடிந்ததும் மாத்திரைக்காரி வாசலில் நிற்கிறாள். விரலில் குத்தினாள். கருவியை எங்கள் பக்கமாகத் திருப்பிக் காட்டினாள். இருநூற்றுப் பத்து.

“யம்மா, நேத்து அசனம்லா?” என்று இவர் குழைந்தார். “இன்னைக்கு எழுதாத. நாளைக்கு வா, சரியா இருக்கும்.”

அவள் பேனாவைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

“எழுதும்மா” என்றேன். “உள்ளத எழுது.”

எழுதினாள். இவர் என்னை முறைத்துவிட்டுச் செருப்பை மாட்டினார். “கம்மாக்கரை வரைக்கும் நடந்துட்டு வாரேன். ஓட்ஸக் கிண்டி வையி” என்று சொல்லிவிட்டு, ஒன்பதே முக்கால் விரலோடு தெருவில் இறங்கி விறுவிறுவென்று நடந்தார்.