கத்தரினின் பெரட்டு

கத்தரின் மலைக்குள் புகுந்து ஓடியதாக அவளுடைய கைக்கடிகாரம் சொன்னது. மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கத்துச் சுண்ணாம்பு மலை அது. வௌவால்தான் உள்ளே போகும். ஓரிடத்தில் மணிக்கு நாற்பது கிலோமீட்டர் வேகம் வேறு. ஐம்பத்து மூன்று வயதுக்கு நல்ல வேகம்தான்!

ஓட்டக் குழுவின் தலைவர் கென்னத்துக்குச் சிரிப்பு வரவில்லை. பெண்கள் அணியில் ஒரே ஓர் இடம்தான் பாக்கி. பத்துக் கிலோமீட்டரை எழுபது நிமிடத்துக்குள் ஓடியதற்கான கடிகாரப் பதிவை ஞாயிற்றுக்கிழமைக்குள் அனுப்ப வேண்டும். கத்தரின் இரண்டு முறை அனுப்பியும் ஓடிய பாதையைக் காட்டும் கோடு கோணலாகவே வந்தது.

"அக்கா, தப்பா நெனைக்காதீங்க. நடுவுல மோட்டார் சைக்கிள்ல ஏறிட்டீங்களா?" என்று கேட்டுவிட்டார்.

அதுதான் சுட்டது. ஈப்போவில் ஒரு மருத்துவமனைச் சலவைப் பிரிவில் இருபத்தேழு வருடமாக வேலை பார்ப்பவள். ஒரு துண்டு குறைந்தது என்று யாரும் சொன்னதில்லை. இடம் போனால் போகட்டும், ஏமாற்றுக்காரி என்ற பேர் எதற்கு?

கூட வேலை செய்யும் விவியன் கடிகாரத்தை வாங்கிப் பார்த்தாள். பேட்டரியை மிச்சம் பிடிக்கும் முறையை அணைத்தாள். மாதக்கணக்கில் புதுப்பிக்காமல் கிடந்த மென்பொருளைப் புதுப்பித்தாள்.

"பட்டன அமுக்குனதும் என்னக்கா செய்வீங்க?"

"ஓடுவேன். வேறென்ன?"

"எங்க நின்னு?"

"வீட்டுப் பக்கத்துல, செம்பனை மரத்துக்குக் கீழ."

"சரியாப் போச்சு லா! மேல இருக்கிற சாட்டிலைட் ஒவ்வொன்னும் 'நான் இங்க இருக்கேன், மணி இது'ன்னு சொல்லிக்கிட்டே இருக்கும். வாட்ச் நாலஞ்சாச்சும் கேட்டாத்தான் நீங்க இருக்கிற எடத்தக் கண்டுபிடிக்கும். மரமும் மலையும் மறைக்குது. நீங்க வேற அது கேட்டு முடிக்கிறதுக்குள்ள ஓடிடுறீங்க."

"அட, இது பெரட்டு!" என்றாள் கத்தரின்.

ரப்பர் தோட்டத்தில் காலையில் ஆள் கணக்கு எடுப்பதுதான் பெரட்டு. பதினாறு வயதில் அவளும் நின்றிருக்கிறாள். பட்டியலில் அவள் பெயர்தான் முதல். "இருக்கேன்" என்று சொன்ன வேகத்தில் பால் வாளியோடு மரத்துக்கு ஓடிவிடுவாள். மற்றவர்கள் பேர் சொல்லி முடிக்கும்வரை நிற்கச் சொல்லித் தோட்டத்துக் கணக்கர், கிராணி, கத்துவார். இத்தனை வருடமாகியும் அந்தக் கால்கள் திருந்தவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை, மரமும் மலையும் இல்லாத பந்துத் திடலின் நடுவில் போய் நின்றாள். கடிகாரத்தில் சிவப்பு வட்டம் மெல்ல மெல்ல நிறைந்தது. இருபதாயிரம் கிலோமீட்டர் உயரத்திலிருந்து சாட்டிலைட்டுகள் ஒவ்வொன்றாக 'இருக்கேன், இருக்கேன்' என்கின்றன. இவள் யாரென்று அவற்றுக்குத் தெரியாது; ஆனாலும் இவள் மணிக்கட்டுவரை வந்து சொல்கின்றன. கத்தரினுக்கு மயிர்க்கூச்செறிந்தது. தன்னையறியாமல் சிலுவை போட்டுக்கொண்டாள். வட்டம் பச்சையானதும் ஓடினாள்.

மதியம் கென்னத் அழைத்தார். "அறுபத்தெட்டு நிமிஷம்க்கா! கோடு ரோட்டு மேலயே போகுது. ஆனா ஏழாவது கிலோமீட்டர்ல முனியாண்டி கோயில ஏன் ஒரு சுத்து சுத்துனீங்க? வேண்டுதலா?"

"வேண்டுதலும் இல்ல, ஒன்னும் இல்ல. ரோட்டுல நாலு நாய் நின்னுச்சு லா!"

கென்னத் சிரித்தார். பிறகு, "அன்னைக்கு அப்படிக் கேட்டது தப்புக்கா, மன்னிச்சிருங்க" என்றார்.

போனில் வந்த வரைபடத்தில் அந்த வளைவை விரலால் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தாள். அத்தனை உயரத்திலிருந்து வந்த கணக்கில் அவள் நாய்க்குப் பயந்ததுகூட விடுபடவில்லை!

மாலையில் குழுவின் வாட்ஸ்அப்பில் அணிப் பட்டியல் வந்தது. எல்லோரும் பதில் போட வேண்டுமாம். முதல் பெயர் கத்தரின். மற்ற ஐந்து பேரும் பதில் போட்டு முடிக்கும்வரை காத்திருந்தாள். பிறகு, "இருக்கேன்" என்று எழுதினாள்.