நமது கரஸ்பாண்டென்ட்

"சார், நான் எப்ப சார் செய்தி எழுதினேன்?"

போன மாதம் ஒரு காலை. காபி டம்ளர் கையில் இருக்கும்போதே போனில் இப்படி ஒரு கேள்வி. வணக்கம் இல்லை, சௌக்கியமா இல்லை. நேராக விஷயம். அந்த நேரத்திலும் எனக்குக் கொஞ்சம் சந்தோஷம்தான். எடுத்த எடுப்பில் முக்கியமானதைச் சொல்லிவிட வேண்டும் என்று அவருடைய கல்லூரிப் பிள்ளைகளுக்கு நான்தான் பாடம் எடுத்திருந்தேன். பிள்ளைகளைவிட இவர் நன்றாகப் பிடித்துக்கொண்டுவிட்டார்!

பேசியவர் பட்டுக்கோட்டைப் பக்கம் ஒரு தனியார் கல்லூரியின் தாளாளர். பெயர் வேண்டாமே. பேராவூரணிக்காரர். தென்னந்தோப்பில் ஆரம்பித்து, கயிறு ஆலைக்குப் போய், இப்போது கல்லூரி. 'ஊர் உலகமே கம்ப்யூட்டர் படிச்சு ஃபாரின் போவுது, நம்ம பிள்ளைங்க மட்டும் ஏன் மெட்ராஸுக்கு ஓடிப்போய்ப் படிக்கணும்?' என்று கேட்டு ஆரம்பித்த கல்லூரி. நல்ல மனிதர். கோபம் மட்டும் சட்டென்று வரும். சட்டென்று போகாது.

தாளாளர் என்று லெட்டர்ஹெட்டில்தான் இருக்கும். வாயில் யாருக்கும் வராது. வாட்ச்மேன் முதல் பிரின்சிபால் வரை எல்லோருக்கும் அவர் 'கரஸ்பாண்டென்ட்'. "கரஸ்பாண்டென்ட் வர்றாரு" என்று யாராவது சொன்னால் போதும், வராந்தா காலி.

அந்த ஒரு வார்த்தைதான் வம்பு.

அந்தப் போனுக்கு ஒரு மாதம் முன்பு அவரேதான் என்னைக் கூப்பிட்டார். மாணவர்கள் சேர்ந்து ஒரு பத்திரிகை ஆரம்பிக்கிறார்கள், நாலு பக்கம், மாதம் ஒன்று, 'வந்து ரெண்டு வார்த்தை சொல்லிக்குடுங்க' என்று. ரிப்பன் வெட்டும் படமும் பொங்கல் கோலமும் போடுவார்கள் என்று நினைத்துத்தான் போனேன். பத்திரிகையின் பெயரைக் கேட்டதும் நிமிர்ந்து உட்கார்ந்தேன். 'கடைமடை'.

"ஏம்ப்பா இந்தப் பேரு?"

"ஆத்துத் தண்ணி எல்லா ஊருக்கும் பாஞ்ச பிறகுதான் சார் எங்களுக்கு வரும். மத்ததெல்லாம் மட்டும் முன்னாடியா வருது?" என்றான் கார்த்திகேயன். குத்தாலத்துப் பையன். ஹாஸ்டல்வாசி. பத்திரிகைக்கு எடிட்டர், கம்ப்யூட்டரில் பக்கம் கட்டுபவர், பட்டுக்கோட்டை அச்சகத்துக்குச் சுமந்து போகிறவர் — மூன்றும் அவனேதான்.

பெயர் வைக்கத் தெரிந்த பிள்ளைகளுக்குப் பாடம் எடுப்பது சுலபம். செய்தியின் முதல் பாராவுக்கு 'லீட்' என்று பெயர், யார், என்ன, எங்கே, எப்போது, ஏன் என்பதெல்லாம் அங்கேயே வந்துவிட வேண்டும் என்றேன். ஏன் என்று கேட்டார்கள். துபாயில் இருந்து போன் வந்தால் எப்படிப் பேசுவீர்கள், அங்கே மீட்டர் ஓடும் இல்லையா, முக்கியமானதை முதலில் சொல்லிவிட மாட்டீர்களா, அதுபோலத்தான் என்றேன். எனக்கே என் உதாரணம் ரொம்பப் பிடித்துப்போனது.

முன் வரிசையில் ஒரு பெண் கை தூக்கினாள். நஸீமா. அதிராம்பட்டினத்தில் இருந்து தினமும் கல்லூரிப் பஸ்ஸில் வந்து போகிறவள். இரண்டாம் ஆண்டு கம்ப்யூட்டர் சயன்ஸ்.

"அப்படிப் பேச மாட்டாங்க சார். வாப்பா போன் போட்டா, உம்மா சாப்புட்டீங்களான்னு கேப்பாங்க. அப்புறம் அழுவாங்க. அப்புறம் திரும்ப சாப்புட்டீங்களான்னு கேப்பாங்க. லைன் கட்டாவப் போற நேரத்துலதான் விஷயமே வெளிய வரும்."

வகுப்பே சிரித்தது. நானும்தான். "உங்க உம்மா சிறுகதை எழுதலாம். நீ செய்தி எழுது" என்றேன்.

டேட்லைன் என்றால் செய்தி எந்த ஊரில் இருந்து, எந்தத் தேதியில் வந்தது என்பது. டெட்லைன் என்றால் அதற்குமேல் எடிட்டர் உங்களோடு பேச மாட்டார் என்பது. இரண்டையும் குழப்பாதவர்கள் பாதிப் பத்திரிகையாளர்கள் ஆகிவிட்டார்கள் என்று அர்த்தம். பைலைன் என்றால் எழுதியவர் பெயர். அந்தப் பெயரை முதல்முறை அச்சில் பார்க்கும் சுகம் இருக்கிறதே... அதை அனுபவித்தவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, அனுபவிக்காதவர்களுக்குச் சொன்னாலும் புரியாது. பிறகு ரிப்போர்ட்டருக்கும் கரஸ்பாண்டென்ட்டுக்கும் வந்தேன். ஆபீஸ் இருக்கும் ஊரிலேயே அலைந்து செய்தி சேகரிப்பவர் ரிப்போர்ட்டர். வெளியூரில் இருந்துகொண்டு அந்த ஊர்ச் செய்தியை எழுதி அனுப்புகிறவர் கரஸ்பாண்டென்ட்.

"அப்ப நம்ம கரஸ்பாண்டென்ட் எதுவும் எழுதுறதே இல்லையே சார்?" என்று பின்னால் இருந்து ஒரு குரல்.

"மெமோ எழுதுறாருல்ல!" என்று இன்னொரு குரல்.

இந்த இடத்தில் நான் சிரிப்பதை விட்டுவிட்டு யோசித்திருக்கலாம். பரவாயில்லை, நடந்தது நன்மைக்கே.

நஸீமா ஒரு செய்தி கொண்டு வந்தாள். முதல் வரி: 'உலகமே இன்று கணினிமயமாகி வருகிறது.' உலகத்துக்கு என்ன ஆனது என்பதை மற்றவர்கள் பார்த்துக்கொள்வார்கள், உனக்கு என்ன ஆனது என்று கேட்டேன். பொரிந்து தள்ளிவிட்டாள்.

கல்லூரியில் இருக்கிற கம்ப்யூட்டர்கள் கொஞ்சம். பகல் முழுக்க இறுதியாண்டுக்காரர்களுக்கு. இரண்டாம் ஆண்டுக்கு லேப் நாலு மணிக்கு மேல். கல்லூரிப் பஸ்ஸோ நாலு மணிக்கே கிளம்பிவிடும். அதை விட்டால் டவுன் பஸ்ஸில் தொங்கி, பட்டுக்கோட்டையில் மாறி, ஊர் போய்ச் சேரும்போது இருட்டிவிடும். ஹாஸ்டல்காரர்களுக்குக் கவலை இல்லை. கடற்கரைப் பக்கத்து ஊர்ப் பெண்கள்தான் லேப் வாசலை எட்டிப் பார்த்துவிட்டு பஸ்ஸுக்கு ஓடுகிறார்கள். லேப் வருகை இல்லையென்றால் பிராக்டிகல் எழுத முடியாது. பிராக்டிகல் இல்லையென்றால் டிகிரி இல்லை.

"போன செமஸ்டர்ல லேப்புக்காக நின்னு, ரெண்டு தடவ வீட்டுக்கு லேட்டா போனேன் சார். உம்மா தெருமுனை வரைக்கும் வந்து நின்னுட்டாங்க. மூணாவது தடவ இப்படி ஆச்சுன்னா படிச்சது போதும்னுட்டாங்க. அவங்களச் சொல்லிக் குத்தமில்ல சார். வீட்டுல ஆம்பளைங்க யாருமே இல்ல, எல்லாரும் வெளிநாடு. அவங்க யார அனுப்புவாங்க என்னைத் தேட?"

இதுதான் செய்தி, இதை எழுது என்றேன். மறுநாள் கொண்டு வந்தாள். 'கம்ப்யூட்டர் பாடம் படிக்கும் கடற்கரை ஊர் மாணவிகள், இந்தப் பருவத்தில் இதுவரை கம்ப்யூட்டரைத் தொடவே இல்லை.'

எத்தனையோ வருடம் செய்தி எடிட் செய்திருக்கிறேன். அப்படி ஒரு லீட் கைக்கு வந்தால் உடம்பு ஒருமுறை சிலிர்க்கும். சிலிர்த்தது. ஒரு எழுத்தைக்கூட மாற்றாமல் கொடுத்துவிட்டு, தஞ்சாவூருக்குப் பஸ் ஏறினேன்.

அதற்குப் பிறகு நடந்தது கார்த்திகேயன் கைங்கரியம். நஸீமா பெயரைப் போட்டால் நிர்வாகம் அவளைக் கூப்பிட்டு விசாரிக்கும், வீட்டுக்குத் தெரியும், பிரச்சினை ஆகும் என்று பயந்திருக்கிறான். நல்ல எண்ணம்தான். பெயரை எடுத்தான். 'நமது நிருபர்' என்று போட்டான். பிறகுதான் என் பாடம் ஞாபகம் வந்திருக்கிறது. நஸீமா வெளியூர்! வெளியூரில் இருந்து எழுதினால்...

அச்சாகி வந்த 'கடைமடை'யின் முதல் பக்கத்தில், மாணவிகளுக்கு லேப் இல்லை, பஸ் இல்லை, நிர்வாகம் கண்டுகொள்ளவில்லை என்று பெரிய எழுத்தில் தலைப்பு. அதற்குக் கீழே தடித்த எழுத்தில், 'நமது கரஸ்பாண்டென்ட்'.

"என் காலேஜ நானே திட்டி, நானே கட்டுரை எழுதி, நானே பேரப் போட்டுக்கிட்ட மாதிரி இருக்கு சார்!" என்று போனில் கத்தினார் அவர். "பத்திரிகைய மூடிரலாம்னு பாக்குறேன். நீங்க வாங்க!"

பத்திரிகை மூடினால் செய்தியும் போச்சு, நஸீமாவும் மாட்டுவாள், லேப்பும் அப்படியே கிடக்கும். அடுத்த பஸ்ஸைப் பிடித்தேன். வழியெல்லாம் அவரிடம் எப்படிப் பேசுவது என்று ஒத்திகை. ஒரத்தநாடு தாண்டும்போது என் வாதம் எனக்கே பிரமாதமாகத் தோன்றியது.

ஒன்றுக்கும் அவசியம் இருக்கவில்லை.

அறைக்குள் போனால், தோளில் பொன்னாடையோடு உட்கார்ந்திருக்கிறார் மனிதர்! எனக்கு முன்னால் அதிராம்பட்டினத்தில் இருந்து ஒரு வேன் வந்து போயிருக்கிறது. பெற்றோர்கள், கடைக்காரர்கள், ஊர்ப் பெரியவர்கள். 'தன் கல்லூரிக் குறையைத் தானே எழுதுறதுக்குப் பெரிய மனசு வேணுங்க' என்று சொல்லி, பொன்னாடை போர்த்தி, அல்வாப் பெட்டியும் வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். இவர் என்ன செய்வார் பாவம்? பொன்னாடையைப் போர்த்திக்கொண்டு 'நான் எழுதலை' என்று சொல்ல எந்த மனிதனுக்கு வாய் வரும்? 'இன்னைக்கே ஏற்பாடு பண்றேங்க' என்று சொல்லிவிட்டார். லேப் முடிந்த பிறகு இன்னொரு பஸ். அன்று மாலையே.

"அல்வா எடுத்துக்குங்க சார்" என்றார் என்னிடம். குரலில் கோபம் தேடினேன். இல்லை.

'கடைமடை' அலுவலகத்துக்குப் போனேன். அலுவலகம் என்றால் லைப்ரரிக்குப் பின்னால் ஒரு மேஜை. கார்த்திகேயனுக்கு முகமெல்லாம் சிரிப்பு. "பஸ் கெடைச்சிருச்சு சார்! இத இப்படியே விட்டுரலாம் சார். திருத்தம் கிருத்தம்னு போட்டா, அவரு கடுப்பாகி நிறுத்திருவாரு."

திருத்தம் போட்டுத்தான் ஆக வேண்டும், அதில் பேச்சுக்கே இடமில்லை என்று நான் வாயைத் திறப்பதற்குள், பக்கத்தில் நின்றிருந்த நஸீமா அவன் பக்கம் திரும்பினாள். அவள் கண் கலங்கியிருந்தது. கோபத்தில்.

"எழுதினது நானு. தெருமுனையில உம்மா நின்னத நெனச்சு நெனச்சு எழுதினேன். நீ யாரு என் பேர எடுக்குறதுக்கு?"

"உனக்காகத்தான்..."

"என்னைக் கேட்டியா? கேக்கலையில்ல?"

"பஸ் நின்னுபோச்சுன்னா உனக்குத்தானே கஷ்டம்?"

"நின்னுபோச்சுன்னா அதையும் எழுதுவேன். இந்தத் தடவ என் பேர் போட்டு."

எனக்கு அந்தப் பெண்ணை நினைத்துப் பெருமையாகவும் இருந்தது, பயமாகவும் இருந்தது. பஸ் நின்றால் போவது என் படிப்பு இல்லையே. ஆனாலும் அவள் பக்கம்தான் நியாயம். அவளோடு நானும் கரஸ்பாண்டென்ட் அறைக்குப் போனேன்.

நஸீமா விஷயத்தைச் சொன்னாள். நேராக, முதல் வாக்கியத்திலேயே. "சார், அந்தச் செய்திய எழுதினது நான். அடுத்த இதழ்ல திருத்தம் போடுறோம்."

கரஸ்பாண்டென்ட் பொன்னாடையை ஒருமுறை தடவிப் பார்த்தார். "திருத்தம் எதுக்கும்மா இப்ப? எல்லாரும் சந்தோஷமாத்தானே இருக்காங்க?"

"அது என் பைலைன் சார்."

"அப்படின்னா?"

என்னைப் பார்த்தார். நான் விளக்கினேன். அவர் தலையாட்டிக் கேட்டுக்கொண்டார். பிறகு, உண்மையிலேயே மனம் நொந்த குரலில் கேட்டார். "எழுதினது சரி. ஒரு வார்த்தை என்னையக் கேட்டியாம்மா? நான் பேராவூரணியிலதானே இருந்தேன். லேப்புக்கு எந்த நேரம், பஸ்ஸுக்கு எந்த நேரம்னு என் காதுக்கு யாரு கொண்டு வந்தா?"

சத்தியமான கேள்வி. எதிர்த்தரப்பைக் கேட்காமல் எழுதினால் அது பாதிச் செய்திதான். நஸீமா ஒரு நிமிடம் தலை குனிந்தாள். பிறகு பேனாவைத் திறந்தாள்.

"தப்புதான் சார். இப்ப கேக்குறேன். இந்த பஸ் இந்த வாரத்துக்கு மட்டுமா? வருஷம் முழுக்க ஓடுமா?"

அவர் என்னைப் பார்த்தார். நான் மின்விசிறியைப் பார்த்தேன்.

"இது... ஆஃப் த ரெக்கார்டா?" எந்த சினிமாவில் கேட்டாரோ!

"இல்ல சார். உங்க பேர் போட்டு, மேற்கோள் குறிக்குள்ள."

பேனா காத்திருந்தது. நானும்தான். தென்னை, கயிறு, கல்லூரி என்று எத்தனை பேரம் பேசிய மனிதர்! இப்படி ஒரு பேரத்தை அவர் பார்த்திருக்க மாட்டார். கடைசியில் ஒரு பெருமூச்சு.

"வருஷம் முழுக்க ஓடும்னு எழுதிக்கம்மா."

எழுதினாள். எழுதியதை அவரிடமே படித்துக் காட்டினாள். நான் சொல்லிக்கொடுக்காத பாடம் அது. நாங்கள் கிளம்பும்போது பின்னால் இருந்து அவர் குரல்.

"ஏம்மா, என் பேரு தலைப்புலயே வருமா?"

"உள்ள வரும் சார். தலைப்பு எடிட்டர் முடிவு பண்றது."

நேற்று புது இதழ் வந்தது. முதல் பக்கத்தில் திருத்தம், அதை ஒட்டி ஃபாலோ-அப் செய்தி, அதன் மேல் நஸீமாவின் பெயர். கரஸ்பாண்டென்ட் உள்ளேதான் இருக்கிறார், மேற்கோள் குறிக்குள் பத்திரமாக.

பஸ் ஓடுகிறது. அந்தக் குறியை விட்டு இனி அவர் எங்கே வெளியே வர?