ஒன்பதாவது பெண்

கெர்லிண்ட் பிறந்ததே கோட்டையின் சலவைக்கூடத்தில்தான். எங்கள் பிரபுவின் கடைசி மகள் இர்மெலாவைக் குளிப்பாட்டி, பேன் பார்த்து, காய்ச்சல் வந்தால் பக்கத்தில் உட்கார்ந்து வளர்த்தது அவள். வாய் மட்டும் சாணை பிடித்த கத்தி. லாயத்துக்கு வந்தால் குதிரைகளை நலம் விசாரிப்பாள். வண்டிக்காரன் என்னை விசாரிக்க மாட்டாள்.

இர்மெலாவுக்குப் பதினாலு வயதில் ஆற்றுக்கு அந்தப்பக்கத்துக் கோமகனின் மகனைப் பேசினார்கள். பேசினார்கள் என்றால், இரண்டு வருஷம். எந்தக் கோட்டை சீதனம், விதவையானால் எந்த ஊர் வருமானம், எல்லாம் ஆட்டுத்தோலில் எழுதி ஏழு முத்திரை. மாப்பிள்ளை மூஞ்சியை யாரும் பார்க்கவில்லை. அவருக்குப் பதிலாக ஒரு கிழட்டு வீரர் வந்தார். கவசத்தோடு மணமகள் கட்டிலில் படுத்து, ஒரு காலை மட்டும் வெறுங்காலாகப் போர்வைக்குள் நீட்டினால் கல்யாணம் முடிந்தது. வழக்கம் அப்படி. படுத்த மனுஷன் குறட்டை விட்டுவிட்டார். கெர்லிண்ட்தான் கிள்ளி எழுப்பினாள்.

அந்தத் தோலில் ஒரு வரி உண்டு: மணமகளோடு எட்டுப் பெண்கள் வரலாம். எட்டு இடமும் பிரபு வீட்டு உறவுக்காரிகளுக்கே போயிற்று. கெர்லிண்ட் ஆற்றங்கரையோடு திரும்பிவிட வேண்டும்.

கரையில் மாப்பிள்ளை வீட்டு மணியக்காரர் எண்ணினார். ஒன்பது. இர்மெலா கெர்லிண்டின் பாவாடையைப் பிடித்தவள் விடவில்லை. ஏங்கி ஏங்கி அழுது உதடெல்லாம் நீலம்.

"இந்தப் பொம்பள யாரு? எட்டுன்னுதான எழுத்து?"

"நான் பொண்ணோட ஆளு இல்லீங்க, வண்டியோட ஆளு," என்றாள் கெர்லிண்ட். வண்டிக்காரனும் அவன் வீட்டாரும் அந்த எட்டில் சேர்த்தியில்லை என்றும் அதே தோலில் எழுதியிருந்தது. தோலை மூன்று தரம் உரக்கப் படித்தபோது அங்கே நின்று கேட்டவள் அவள்.

"வண்டிக்கு என்ன ஆளு?"

"அந்தா, வாயில ரொட்டிய வெச்சிக்கிட்டு நிக்குதே ஒரு மலமாடு, எக்கார்ட்னு பேரு. அவரு பொண்டாட்டி."

"ஏம்ப்பா, நெசமா?"

இர்மெலா என்னைப் பார்த்தாள். ரொட்டியை வாயிலிருந்து எடுத்தேன்.

"ஆமாங்க. இவ என் பொண்டாட்டிதான்."

மணியக்காரர் கையை வீசி வழிவிட்டார். படகில் எங்கள் பாதிரியார் விலா நோகச் சிரித்தார். "எக்கார்ட், ரெண்டு பேரும் இத்தன சாட்சி முன்னால சொல்லிட்டீங்க. திருச்சபைக்கு அது போதும். கல்யாணம் ஆயிருச்சுடா."

"சாமி, அது சும்மா ஒரு பேச்சுக்கு..."

"பேச்சுதான்டா கல்யாணமே!"

கெர்லிண்ட் என்னை உச்சி முதல் உள்ளங்கால் வரை பார்த்தாள். பிறகு, "அந்தக் கரையில எறங்கினதும் மொதல்ல குளிய்யா," என்றாள்.

அந்த எட்டுப் பேரில் ஆறு பேர் குளிர் தாங்காமல் வருஷத்துக்குள் ஊர் திரும்பினார்கள். கெர்லிண்ட் இருந்தாள். இர்மெலாவின் நாலு பிரசவமும் அவள் கையில்தான் நடந்தது.