அண்ணி பார்த்த மேகம்

சமையல் மேடையில் பருப்பு டப்பாவின் மேல் சாய்த்துக் கைப்பேசியை நிறுத்தியிருப்பார் அண்ணி. வெங்காயம் நறுக்கும்போதும், தோசைக்கல்லில் மாவை ஊற்றும்போதும் கண் அதில்தான் இருக்கும். வீட்டுக்கு வருபவர்கள் ஏதோ தொடர் பார்க்கிறார் என்று நினைத்துக்கொள்வார்கள். திரையில் இருந்தது அரபிக்கடல். செயற்கைக்கோள் அரைமணிக்கொரு முறை எடுத்து அனுப்பும் படம் அது. கறுத்த கடலின் மேல் வெள்ளை வெள்ளையாக மேகங்கள். ஓரத்தில் நம் நாட்டின் கரை ஒரு மெல்லிய கோடாகத் தெரியும். அண்ணி படங்களை வரிசையாக ஓடவிட்டு, மேகம் எந்தப் பக்கம் நகர்கிறது என்று பார்ப்பார். பிறகு அடுப்பைத் தணிப்பார்.

என் அண்ணன் மும்பைத் துறைமுகத்திலிருந்து நடுக்கடலின் எண்ணெய்க் கிணற்று மேடைகளுக்குப் போய்வரும் இழுவைப் படகு ஒன்றில் இன்ஜின் அறையில் வேலை பார்த்தார். மாதக்கணக்கில் கடல், பிறகு சில வாரங்கள் காட்டூரில் வீடு. நான் மன்னார்புரத்தில் ஒரு மருந்துக் கடையில் பில் போட்டுக்கொண்டு, அண்ணன், அண்ணி, அவர்களின் சின்ன மகள் ஆகியோரோடுதான் இருந்தேன். கடலுக்குள் போய்விட்டால் அண்ணனின் கைப்பேசிக்குத் தொடர்பு கிடைக்காது. அந்த நாட்களில் அவர் இருக்கும் பக்கம் வானம் எப்படி இருக்கிறது என்று பார்ப்பதிலிருந்துதான் அண்ணிக்கு இந்தப் பழக்கம் தொடங்கியது. தானாகவே தேடிப் படித்துக் கற்றுக்கொண்டார். பலமுறை தவறாகவும் சொல்லியிருக்கிறார். அண்ணன் அதைச் சொல்லிச் சொல்லிக் கேலி செய்வார்.

அந்த மே மாதம், லட்சத்தீவுக்குத் தெற்கே ஒரு மேகத்திரள் தென்பட்டது. “கடல் மேகம் காலையில பொங்கும், சாயங்காலம் கரைஞ்சிடும். இது கரையாம நிக்குது” என்றார் அண்ணி. மறுநாள் மாலையும் அது கரையவில்லை. சிதறிக் கிடந்த துண்டுகள் ஒரு பக்கமாக வளையத் தொடங்கியிருந்தன. எனக்கு அது வெறும் வெள்ளையாகத்தான் தெரிந்தது. செய்தியில் இன்னும் ஒன்றும் சொல்லவில்லை. அண்ணனின் படகு அடுத்த நாள் கிளம்புவதாக இருந்தது. கிளம்ப வேண்டாம் என்று அண்ணி தொலைபேசியில் எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். “உன் மேகத்தப் பாத்து நான் வேலைய விட முடியுமா?” என்று சிரித்துவிட்டு அண்ணன் வைத்துவிட்டார். அண்ணி அடுப்பை அணைத்தார். மீண்டும் அழைத்து, பிள்ளைக்கு டெங்குக் காய்ச்சல், ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறோம், உடனே வாருங்கள் என்றார். பிள்ளை அப்போது கூடத்தில் உட்கார்ந்து படம் வரைந்துகொண்டிருந்தாள்.

கிடைத்த விமானத்தைப் பிடித்து மறுநாளே அண்ணன் வந்து சேர்ந்தார். மகள் ஓடிவந்து காலைக் கட்டிக்கொண்டாள். அவள் நெற்றியில் கைவைத்துப் பார்த்தவர், “காய்ச்சல் எங்க?” என்று கேட்டார்.

“காய்ச்சல் இல்லைங்க. கடல்தான் சரியில்ல” என்றார் அண்ணி.

அண்ணன் சத்தம் போடவில்லை. பையைத் தோளிலிருந்து இறக்காமலே நின்றார். “என் எடத்துல ஒருத்தன ஏத்திவிட்டுட்டு வந்திருக்கேன். ஸ்ரீரங்கத்துக்காரன். வேலை கிடைக்காம அங்க ஒரு லாட்ஜ்ல உக்காந்திருந்தான். நாந்தான் கூப்பிட்டு அனுப்புனேன்” என்றார். அண்ணியின் முகம் வெளுத்ததை நான் பார்த்தேன். “அவருக்கு ஃபோன் பண்ணுங்க, இறங்கச் சொல்லுங்க” என்றார். அண்ணன் அழைத்தார். படகு அதற்குள் கடலுக்குள் போய்விட்டிருந்தது. அலுவலகத்தை அழைத்தார். கேப்டன் பார்த்துக்கொள்வார் என்றார்கள்.

அதன் பிறகு நாங்கள் மூவரும் அந்தச் சின்னத் திரையைத்தான் பார்த்தோம். அதுவரை ஒருநாளும் எட்டிப் பார்க்காத அண்ணன், அண்ணியின் தோளுக்குப் பின்னால் வந்து நின்றார். மேகம் உருண்டு திரண்டது. அதன் நடுவில் ஒரு கறுப்புப் பொட்டு விழுந்தது. “அதான் புயலோட கண்ணு” என்று அண்ணி மெல்லச் சொன்னார். காட்டூரில் அன்று கடும் வெயில். மாடியில் காயப்போட்ட துணி சீக்கிரமே காய்ந்துவிட்டது. நான் போய் எடுத்து மடித்து வைத்தேன்.

புயலில் நங்கூரச் சங்கிலி அறுந்து படகு மூழ்கிப்போனது. சிலரை மீட்டார்கள். ஸ்ரீரங்கத்துக்காரர் அவர்களில் இல்லை. உடலும் கிடைக்கவில்லை. அண்ணன் உயிரோடு எதிரில் உட்கார்ந்து சாப்பிடுகிறார், எனக்கு மகிழ்ச்சியாக இருந்திருக்க வேண்டும். இல்லை. அழுகையும் வரவில்லை. மரத்துப்போன கையால் எதையோ தொட்டுக்கொண்டிருப்பது போலத்தான் அந்த மாதங்கள் போயின. அண்ணன் கடலுக்குத் திரும்பவில்லை. காட்டூரிலேயே மோட்டார் பழுதுபார்க்கும் பட்டறை ஒன்றில் சேர்ந்தார். அண்ணியை ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. நல்லவேளை கூப்பிட்டாய் என்றும் சொல்லவில்லை. சோறு போட்டால் சாப்பிட்டார், கேட்டால் பதில் சொன்னார். வீட்டில் சண்டை இல்லை. சண்டை வந்தால் நன்றாக இருக்குமே என்று நான் நினைத்த நாட்கள் உண்டு.

மழைக்காலம் முடிந்தபோது ஒரு ஞாயிற்றுக்கிழமை, “ஸ்ரீரங்கம் போகணும், நீயும் வா” என்றார் அண்ணி. கோயிலுக்கு என்று நினைத்தேன். சத்திரம் பேருந்து நிலையத்தில் பஸ் மாறினோம். காவிரிப் பாலம் தாண்டி இறங்கினோம். அடையவளஞ்சான் தெருவை ஒட்டிய ஒரு சந்தில் விலாசம் விசாரித்தபோதுதான் எனக்குப் புரிந்தது. கதவைத் திறந்த பெண்ணுக்கு அண்ணியைவிடச் சில வயது குறைவாக இருக்கும். யார் என்று சொன்னதும் உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்து, தண்ணீர் கொடுத்தார். அண்ணி தண்ணீரைத் தொடவில்லை.

“நான்தான் ஃபோன்ல மேகப் படத்தப் பாத்துட்டு, பொய் சொல்லி எங்க வீட்டுக்காரர வரவழைச்சேன். அதனாலதான் உங்க வீட்டுக்காரரு அந்தப் படகுல ஏறுனாரு. இத உங்ககிட்ட நேர்ல சொல்லணும்னு வந்தேன்.”

உள்ளே குக்கர் சத்தம் கேட்டது. அந்தப் பெண் எழுந்து போய் அடுப்பை அணைத்துவிட்டு வந்து, முன்பு உட்கார்ந்த இடத்திலேயே உட்கார்ந்தார்.

“அந்தப் படம் இன்னும் இருக்குங்களா?”

அண்ணி கைப்பேசியை எடுத்து, அந்த நாட்களின் படங்களைத் தேடி ஓடவிட்டார். அந்தப் பெண் இமைக்காமல் பார்த்தார். மறுபடி போடச் சொல்லிப் பார்த்தார்.

“இதுல அவங்க எங்க இருந்தாங்க?”

அண்ணி காட்டினார். அந்தப் பெண் அந்த இடத்தில் விரல் வைத்தார். விரல் பட்டதும் படம் பெரிதாகித் திரை முழுவதும் வெள்ளையானது. கடலும் இல்லை, கரையும் இல்லை. அவர் விரலை எடுத்துக்கொண்டார்.

“எனக்கு இதப் பாக்கத் தெரிஞ்சிருந்தா நானும் பொய் சொல்லியிருப்பேங்க” என்றார்.

பஸ்ஸில் திரும்பும்போது அண்ணி ஜன்னல் பக்கம் முகத்தை வைத்துக்கொண்டு வந்தார். அழுதாரா என்று தெரியவில்லை.

எனக்குக் கல்யாணமாகி நான் தஞ்சாவூர் போய் வருடங்கள் ஆகின்றன. சென்ற மாதம் காட்டூர் வீட்டில் இரண்டு நாள் தங்கினேன். மாலையில் அண்ணியின் கைப்பேசி ஒலித்தது. ஸ்ரீரங்கத்திலிருந்து அந்தப் பெண். அவருடைய தம்பி இப்போது கப்பலில் போகிறானாம். அவன் கடலில் இருக்கும் நாட்களில் இப்படி அழைப்பது வழக்கமாம். இன்னும் அந்த மேகப் படத்தைப் பார்க்கத் தனக்குச் சரியாக வரவில்லை என்பாராம். அண்ணி இருங்க என்று சொல்லிவிட்டு, மகளின் கைப்பேசியை வாங்கிப் படங்களை ஓடவிட்டார். கூடத்தில் அண்ணன் செய்தி கேட்டுக்கொண்டிருந்தார். அவர் எங்கள் பக்கம் திரும்பவில்லை. ஆனால் ரிமோட்டை எடுத்துத் தொலைக்காட்சியின் சத்தத்தை முழுவதுமாகக் குறைத்துவிட்டு, அப்படியே உட்கார்ந்திருந்தார்.

“இன்னிக்கு ஒண்ணும் இல்லைங்க” என்றார் அண்ணி. “வெறும் மேகம்தான்.”