பூஜையில் வைத்த மட்டை

கே.கே. நகரில் இப்போது நாங்கள் இருக்கும் வீட்டில், சரஸ்வதி பூஜையன்று யாருடைய பொருளையும் கேட்காமல் நான் பூஜையில் வைப்பதில்லை. மகளின் லேப்டாப்பைக்கூட அவளே கொண்டுவந்து வைத்தால்தான் பொட்டு இடுவேன். இந்தப் பழக்கம் ஸ்ரீரங்கத்தில், எனக்கு எட்டு வயதானபோது நடந்த ஒன்றிலிருந்து வந்தது.

அப்போது அப்பாவின் தங்கை எங்களோடு இருந்தாள். நாட்டின் பெண்கள் கிரிக்கெட் அணியில் ஆடியவள். அது எவ்வளவு பெரிய காரியம் என்று எங்கள் தெருவில் யாருக்கும் தெரியாது. பால்காரர் ஒருமுறை, "பொம்பளைங்களுக்கு எத்தனை ஓவருங்க, பாதியா?" என்று கேட்டார்.

"முழுசாத்தாங்க. அதுல தண்ணி கலக்க முடியாது" என்றாள் அத்தை.

இங்கே ஆட வந்த வெளிநாட்டு அணிக்காரி ஒருத்தி, ஊர் திரும்பும்போது தன் மட்டையை அத்தைக்குக் கொடுத்துவிட்டுப் போயிருந்தாள். அத்தை அதைப் பழைய புடவையில் சுற்றிக் கட்டிலுக்கடியில் வைத்திருப்பாள். காலையில் கொள்ளிடத்து மணலில் பையன்களோடு ஆடப் போவாள். அப்பா அந்த மட்டையைத் தொட்டு நான் பார்த்ததில்லை. "அந்தக் கட்டையை வாசல்ல வைக்காத" என்பதோடு சரி.

ஆகவே அந்த வருடம் பூஜையன்று காலையில், அப்பாவே அதை எடுத்துவந்து, ஈரத்துணியால் துடைத்து, சந்தனமும் குங்குமமும் இட்டு, என் புத்தகங்களுக்குப் பக்கத்தில் சாத்தி வைத்தபோது எனக்குப் பெருமை தாங்கவில்லை. அத்தை ஆற்றில் குளித்துவிட்டு வருவதற்குள் பூஜை முடிந்துவிட்டது. வாசலுக்கே ஓடிப்போய்ச் சொன்னேன். அவள் முகம் மலரவில்லை.

அன்று சாயங்கால ரயிலில் அவள் மெட்ராஸ் போக வேண்டும். மறுநாள் காலை அங்கே அடுத்த வெளிநாட்டுப் பயணத்துக்கு ஆள் எடுக்கிறார்கள். ஆனால் பூஜையில் வைத்ததை மறுநாள் விஜயதசமிப் பூஜை முடியும்வரை எடுக்கக்கூடாது.

"நாளைக்குக் காலைல எடுத்துக்க. யாரு வேணாங்கறா?" என்றார் அப்பா.

"காலைல நான் அங்க நிக்கணும்ண்ணே."

"மட்டை இல்லாம போயேன்."

"இருக்கற நாலஞ்சு மட்டையைத்தான் எல்லாரும் மாத்தி மாத்தி ஆடறோம். வெறுங்கையோட போனா உக்கார வெச்சிருவாங்க."

அத்தை அம்மாவிடம் திரும்பினாள். "அண்ணி, நான் எடுத்துக்கட்டுமா?"

அம்மா அப்போது ஏழு மாதக் கர்ப்பம். வயிற்றின்மேல் கையை வைத்துக்கொண்டு, "போன தடவை தங்கல. எனக்குப் பயமா இருக்கும்மா" என்றாள்.

அத்தை அதற்குமேல் கேட்கவில்லை. சாயங்காலம் வந்தவர்களுக்குச் சுண்டல் கொடுத்துக்கொண்டிருந்தாள். ரயில் போகும் சத்தம் கேட்டபோது கரண்டி சற்று நின்றது. பிறகு அடுத்த கிண்ணத்தை நிரப்பியது. ஞாயிற்றுக்கிழமை லால்குடியிலிருந்து அத்தையைப் பெண் பார்க்க வரப்போகிறவர்களைப் பற்றி அப்பா பக்கத்து வீட்டுக்காரரிடம் சொல்லிக்கொண்டிருந்தார்.

மறுநாள் பூஜை முடிந்ததும் அவரவர் பொருளை எடுத்துக் கொஞ்சமாவது பயன்படுத்த வேண்டும் என்பது வழக்கம். நான் தமிழ்ப் பாடம் ஒன்று படித்தேன். "நீயும் ரெண்டு அடி அடிச்சிட்டு வாம்மா" என்றார் அப்பா, அன்பாகவே.

கொல்லையில் நான் ரப்பர் பந்தைப் போட்டேன். அத்தை ஒரே ஒரு அடி அடித்தாள். பந்து மதிலைத் தாண்டிப் பின்வீட்டு ஓட்டின்மேல் விழுந்து உருண்டது. நான் கத்திக்கொண்டே ஓடினேன்.

பந்தோடு திரும்பி வந்தபோது கொல்லையில் அவள் இல்லை. கூடத்தில், மட்டையைத் துடைத்து மறுபடியும் சாமி படத்தின் பக்கத்தில் சாத்திக்கொண்டிருந்தாள்.

"அத்தை, பூஜை முடிஞ்சிருச்சு. இனிமே எடுக்கலாம்."

"தெரியும்டி" என்றாள்.

அவள் சமையலறைக்குப் போனதும், மறந்துவிட்டாள் என்று நினைத்து, மட்டையைப் பழைய புடவையில் சுற்றி நானே அவள் கட்டிலுக்கடியில் கொண்டுபோய் வைத்தேன். மறுநாள் காலை ஆடப் போக அவளுக்குத் தேவைப்படும் அல்லவா.