சோப்புத் தூளும் கிருமிநாசினியும் ஒரே வாளியில்

போர்வைக்குள் ஒளிந்து எழுதுகிறேன். அம்மா துப்புரவு வேலை செய்யும் லாட்ஜின் பெயரைக் கேட்காதீர்கள். தெரிந்தால் வேலை போய்விடும்.

இன்று மாலை அம்மாவை அழைத்துவரப் போனேன். மொட்டை போட்டு வந்தவர்களின் சந்தனம் குளியலறைத் தரையெங்கும் அப்பியிருந்தது.

சோப்புத் தூள் கரைத்த வாளியிலேயே மேனேஜர் கிருமிநாசினியையும் ஊற்றினார். "ரெண்டும் சேந்தா டபுள் பவரு!" என்று பெருமை வேறு.

பால் திரிந்ததுபோல் தண்ணீர் வெளுத்து, நுரை அடங்கிவிட்டது. சோப்புத் தூளுக்கு எதிர்மின்சுமை, அந்தக் கிருமிநாசினிக்கு நேர்மின்சுமை. இரண்டும் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டால் அழுக்கும் போகாது, கிருமியும் சாகாது. பள்ளியில் படித்ததுதான்.

அம்மா எவ்வளவு தேய்த்தும் பிசுக்கு போகவில்லை.

"சோறு துன்றியா இல்லியா? நாளைக்கும் இப்டியே தேச்சுகினு இருந்தினா வேற ஆள் வெச்சுக்குவேன்" என்றார் மேனேஜர்.

நான் வாய் திறப்பதற்குள் அம்மா என் கையைக் கிள்ளினாள். "கம்னு இரு பாப்பா."

அப்போது பயம். இப்போது ஆத்திரம் தாங்கவில்லை.

திருத்தணியில் ரூம் எடுப்பவர்களே, உங்கள் மேனேஜர் யாராக இருந்தாலும் சொல்லுங்கள்: முதலில் சோப்பு, நன்றாக அலசிய பிறகே கிருமிநாசினி. வாடகை கொடுப்பவர் சொன்னால் வேதியியல் மேனேஜருக்கு உடனே புரிந்துவிடும். யார் போகிறீர்கள்?